கழற்றிப் பார்க்கலாம், வாங்க!



"ரிப்பேரா? தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு!" இன்று எந்த வீட்டிலும் இந்த அறிவுரைதான். சொல்கிறவருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். மாதத் தவணை கட்டுவது வாங்கினவர்தானே? டிப்ளமோ படிக்கிற நாமும் இதையே சொன்னால் நம் கையிலுள்ள ஸ்க்ரூடிரைவருக்கு என்ன மரியாதை? பழுது பார்ப்பது நமக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம். நம் வீடுகளுக்கு அது சோறு. எனவே அதை எல்லோரும் சேர்ந்து கற்றுக்கொள்ள நம் கல்லூரியில் ஒரு மேசை வேண்டும் என்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்க அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறார். கிரைண்டர் நின்றால் அன்றைய வரும்படியும் நின்றது. போன வருஷம் ஒருநாள் மோட்டார் ஓடியது, கல் சுற்றவில்லை. ஒரு கடையில் "மோட்டார் போச்சும்மா" என்றார்கள். "மோட்டார் ஓடுதே அண்ணா?" என்று கேட்டேன். "வீட்ல ஆம்பளைங்க இருந்தா அனுப்பு" என்று பதில் வந்தது. மோட்டாருக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பது பெல்ட்தானே? ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி மெயின்கார்டு கேட்டில் இறங்கி, 150 ரூபாய்க்குப் புது பெல்ட் வாங்கி வந்து மாட்டினேன். இன்றுவரை அரைக்கிறது!

அதிலிருந்து தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் "அந்தப் படிக்கிற புள்ளைய கூப்பிடு" என்கிறார்கள். பாதி நேரம் பெரிய நோய் எதுவும் இருக்காது. மிக்ஸிக்கு அடியில் ஓவர்லோடு பட்டன் வெளியே துருத்திக்கொண்டு இருக்கும். சற்று ஆறவிட்டு அழுத்தினால் ஓடும். இல்லையென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், கப்ளர் உடைந்திருக்கும். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் முதலில் பார்க்க வேண்டியது கெப்பாசிட்டரை. பாடத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்குப் படித்த கெப்பாசிட்டர் நம் தலைக்கு மேலேயே தொங்குகிறது, கவனித்தீர்களா?

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011-ல் தொடங்கியது. அதில் வந்த லேப்டாப்புகளில் எத்தனையோ இன்று பரணில் தூங்குகின்றன. போதாக்குறைக்கு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்கிறார்கள். பழைய மெஷின்களில் அது ஏது? அதற்காகக் காயலான் கடைக்குப் போட்டுவிடுவதா?

பக்கத்து வீட்டு அண்ணன் ப்ளஸ் டூவில் வாங்கிய லேப்டாப் பரணில் கிடந்தது. கேட்டு வாங்கினேன். ஃபேனில் அடைந்திருந்த தூசியைத் தட்டினேன். ராமை 4 ஜிபி ஆக்கி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் ஏற்றினேன். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கியதுதான் லினக்ஸ். காசு கிடையாது. சி புரோகிராம் எழுதலாம், சர்க்யூட் வரையலாம், தமிழ்99 விசைப்பலகையில் தமிழும் அடிக்கலாம். இந்தக் கட்டுரையையே அதில்தான் அடித்தேன். ஆட்டோகேட் அதில் நேரடியாக ஓடாது, உண்மைதான். அதற்குக் கல்லூரி லேப் இருக்கிறது. ஆனால் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாத தோழிக்கு, ஓடுகிற பழைய லேப்டாப் ஒன்று எவ்வளவு பெரிய விஷயம்!

"பழசு எத்தனை நாளைக்கு ஓடும்?" என்று கேட்பீர்கள். நம்ம ஊர் பொன்மலையைக் கேளுங்கள்! ஊட்டி மலை ரயிலுக்கு ஒரு காலத்தில் நீராவி என்ஜின்கள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன. அவற்றைப் பிரித்துப் பழுது பார்த்துப் பழகிய பொன்மலை ரயில்வே பணிமனை, பின்னாளில் அந்த என்ஜினைப் புதிதாகவே செய்துவிட்டது. கழற்றத் தெரிந்தவனுக்கு ஒருநாள் செய்யவும் தெரியும். கழற்றாதவன் கடைசிவரை வாங்கிக்கொண்டேதான் இருப்பான்.

மத்திய அரசே 2022 டிசம்பரில் 'பழுது பார்க்கும் உரிமை'க்கென ஓர் இணையதளம் தொடங்கியது. உரிமை வந்தால் போதுமா? கை பழக வேண்டாமா?

ஆபத்து இல்லையா என்றால், உண்டு. பிளக்கைப் பிடுங்காமல் எதையும் தொடக்கூடாது. பழைய பிக்சர் டியூப் டிவியில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. இதைத் தனியாக வீட்டில் கற்பதைவிட ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது கற்பது நல்லதல்லவா?

ஆகவே மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் ஒரு லேபைத் திறந்துவிடச் சொல்லுங்கள். பேரவை நிதியில் நான்கு மல்டிமீட்டர், நான்கு சால்டரிங் அயர்ன், ஒரு ஸ்க்ரூடிரைவர் செட் போதும். எல்லாத் துறையினரும் வரட்டும். முக்கியமாக மாணவிகள் வரட்டும். பரணில் உள்ளதை ஆளுக்கு ஒன்று இறக்கிக் கொண்டு வாருங்கள். முதல் சனிக்கிழமை எங்க தெருவிலிருந்து இரண்டு மிக்ஸியோடு நான் வருகிறேன்!

– இரண்டாம் ஆண்டு மாணவி,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை