ஆண்டறிக்கையில் வராத பிள்ளைகள்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், வடக்குப்பட்டுச் சுற்றுவட்டாரத்தில், எந்தக் கத்தோலிக்கப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போனாலும் ஆண்டறிக்கை ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்கும். பத்தாம் வகுப்பில் இத்தனை சதவீதத் தேர்ச்சி, கபடியில் கோப்பை, சதுரங்கத்தில் பதக்கம், அறிவியல் கண்காட்சியில் பரிசு, மரக்கன்று நட்டது, போதை ஒழிப்பு ஊர்வலம் போனது. தலைமையாசிரியர் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க நாமும் கைதட்டுகிறோம். தட்ட வேண்டியதுதான். வெயிலில் ஓடி ஜெயித்தவை நம்ம புள்ளைங்களும்தானே.

ஆனால் நான் பேங்க் குமாஸ்தா. கணக்குப் பார்க்கிற புத்தி கவிதை எழுதும்போதுகூட விட்டுப் போகிறதில்லை. வரவை மட்டும் எழுதி, பற்றை எழுதாமல் விட்ட பேரேட்டை எந்தத் தணிக்கைக்காரனும் ஒத்துக்கொள்ள மாட்டான். பள்ளி ஆண்டறிக்கை அப்படிப்பட்ட பேரேடு. வரவுப் பக்கம் கோப்பைகள் மின்னுகின்றன. பற்றுப் பக்கம் வெறும் தாள். அந்த வெறும் தாளில் எழுதப்பட வேண்டியவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி.

ஒரு பள்ளியின் பெயரைச் சொல்லிக் குற்றப்பத்திரிகை வாசிக்க நான் வரவில்லை. இந்தப் பள்ளிகளே வேண்டாம் என்கிற கூட்டத்தோடும் எனக்கு உறவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடம் நம்ம தாத்தாக்களைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய காலத்தில் மிஷன் பள்ளிதான் உள்ளே கூப்பிட்டது. அது இரக்கத்தால் மட்டும் நடந்ததில்லை. சேரி சேரியாகக் கிளம்பிப் போய், எங்க புள்ளைக்கு எழுத்து சொல்லிக் குடு என்று கேட்டவர்கள் நம் முன்னோர். அடையாறில் ஆல்காட் பஞ்சமருக்கு இலவசப் பள்ளி திறந்தது 1894. அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1891-இல், இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். 1892-இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. படிப்பும் நிலமும் இந்த மண்ணில் ஒரே காலத்துக் கோரிக்கைகள். ஆகவே இந்தப் பள்ளிகள் நமக்கு யாரும் போட்ட பிச்சை அல்ல. நமக்கு இதில் பாத்தியதை உண்டு. பாத்தியதை உள்ளவன் கணக்குக் கேட்பான்.

முதல் பற்று: தேர்ச்சி சதவீதம். நூற்றுக்கு நூறு எப்படி வருகிறது? எல்லாப் பிள்ளைகளும் படித்துத் தேறியும் வரலாம். அப்படி வந்தால் அந்த ஆசிரியர்களைக் கும்பிடலாம். தேறாது என்று தோன்றும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு கழித்துக் கட்டியும் வரலாம். "இவன் பத்தாவது தாங்க மாட்டான், டி.சி. வாங்கிட்டுப் போயி வேற ஸ்கூல்ல போடுங்க" என்று சொன்னார்கள் என, கவுண்டரில் என் முன்னால் நின்று புலம்பிய தாய்மார்கள் உண்டு. எந்தப் பள்ளி என்பது இங்கே முக்கியமில்லை. அரசு உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி, எல்லா மதத்தார் நடத்தும் பள்ளியிலும் இந்த நோய் இருக்கிறது. வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத, டியூஷனுக்குக் காசில்லாத பிள்ளைதான் முதலில் கழிக்கப்படும். அந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர், அதே பள்ளியில் பன்னிரண்டு முடித்தவர் எத்தனை பேர்? இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். சாதனை எது, சமையல் எது என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் பற்று: வாசல். ஒரே மதில் சுவருக்குள் தமிழ் வழி ஒரு பக்கம், கட்டணம் வாங்கும் ஆங்கில வழி இன்னொரு பக்கம் என்று நடக்கிற வளாகங்களைப் பார்த்திருப்பீர்கள். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்பதற்குப் புதுப் பெயர் வைத்த மாதிரி இருக்கும். சட்டமும் இதற்குக் கதவு திறந்து வைத்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் 15(5) பிரிவு சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களை இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கி வைத்தது. 2014-இல் பிரமாத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வி உரிமைச் சட்டமும் இவர்களுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வே சந்தேகம் எழுப்பியது. சிறுபான்மை உரிமை வேண்டும். பெரும்பான்மை மதவெறி கழுத்தை நெரிக்கும் நாட்டில் அதை விட்டுக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் சிறுபான்மைக்குள்ளே பெரும்பான்மை யார்? இந்தியக் கத்தோலிக்கர் 1.9 கோடிப் பேரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று 2016-இல் ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணமே ஒத்துக்கொண்டது. அப்படியானால் சிறுபான்மை உரிமையின் பெரும்பங்கு யாருக்குச் சேர வேண்டும்? சேர்க்கையில் எத்தனை, ஆசிரியர் நியமனத்தில் எத்தனை, நிர்வாகத்தில் எத்தனை? இதைக் கேட்டால் மட்டும் "எல்லாரும் கடவுளின் பிள்ளைகள்" என்று பதில் வருகிறது. கடவுளின் பிள்ளைகளுக்குள்ளே யார் பெஞ்சைத் துடைக்கிறார்கள், யார் வாழ்த்துரை வாசிக்கிறார்கள் என்பதை பாமா 1992-இல் ‘கருக்கு’வில் எழுதி வைத்துவிட்டார். துறவற சபைக்குள் போய்ப் பார்த்து, வெளியே வந்து எழுதிய ஆசிரியை அவர். அந்தப் புத்தகம் இன்று கல்லூரிகளில் பாடம். நம்ம பக்கத்துப் பள்ளி நூலகங்களில் இருக்கிறதா என்று மாணவர்கள் தேடிப் பார்த்துச் சொல்லட்டும்.

மூன்றாவது, பறை. இப்போதெல்லாம் ஆண்டு விழா மேடையில் பறையாட்டம் கட்டாயம். பிள்ளைகள் இடுப்பில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு அடிக்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கிறது. சாவுக்கு மட்டும் அடி என்று நம்மிடம் சொன்ன சமூகம் இன்று முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிறது. சந்தோஷம். ஆனால் மேடையில் அடிக்கும் பறை கலை, சேரியில் அடிக்கும் பறை சாதி என்று இருக்கும் வரை அந்தக் கைதட்டல் பாதிதான். அந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்த பெரியவரை விருந்தினர் நாற்காலியில் உட்கார வைத்தார்களா, அல்லது செட்டுக்குக் காசு கொடுத்துப் பின்வாசல் வழியே அனுப்பினார்களா? ஆண்டறிக்கை இதையும் சொல்ல வேண்டும்.

இனி வெளியே வருவோம். பள்ளிக்குள் ஜெயித்த பிள்ளை தாலுகா ஆபீஸ் வாசலில் தோற்கிறது. எங்க குடும்பத்துக் கதை இது. நானும் என் பெரியப்பா மகனும் ஒரே தாத்தாவின் பேரன்கள், ஒரே தெரு. அண்ணன் வீடு கோயிலுக்குப் போகும், எங்க வீடு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும். பள்ளியில் பரிசு வாங்கியது அண்ணன். பேங்க் வேலை வாங்கியது நான். எனக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ், அவருக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். டீக்கடையில் எங்க ரெண்டு பேரையும் ஒரே பேர் சொல்லித்தான் திட்டினார்கள்.

1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவ தலித்துக்கும் இசுலாமிய தலித்துக்கும் கதவு திறக்கவில்லை. சென்னையில் தெருவோரம் உட்கார்ந்து செருப்பு தைத்த சூசை என்கிற தொழிலாளி, இந்து தலித் தொழிலாளிக்கு அரசு கொடுத்த இலவசக் கடைப்பெட்டி எனக்கு ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் வழக்குத் தள்ளுபடி. மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லையாம். 2022-இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு ஆணையம் போட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இதற்கிடையில் எத்தனை வகுப்புப் பிள்ளைகள் பள்ளி முடித்துப் போய்விட்டார்கள்! 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் செத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜான் தாமஸ், இன்னொருவர் ஏழுமலை. துப்பாக்கிக் குண்டு சான்றிதழ் கேட்கவில்லை தோழர்களே.

பன்னிரண்டாவது முடித்த நம்ம பெண் பிள்ளைகள் இந்தப் பட்டியில் எங்கே போகிறார்கள் என்பது விடியற்காலை கம்பெனி பஸ்ஸைப் பார்த்தாலே தெரியும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தவர்கள் இந்த வயசுப் பெண்கள்தான். 2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். பயப்படாமல் ரோட்டில் உட்கார்ந்து சேர்ந்து பேசுவது ஒரு படிப்பு. அதைச் சொல்லிக் கொடுத்தது எந்தப் பாடத்திட்டம்? கத்தோலிக்கப் பள்ளிகளில் இளம் மாணவர் இயக்கம் என்று ஒன்று உண்டு. பார், ஆராய், செயல்படு என்பது அதன் முறை. நல்ல முறை. அதை மரக்கன்றோடு நிறுத்திவிடாமல் தொழிற்சாலை வாசல் வரை கொண்டுபோக வேண்டும்.

நாம் ஜெயிப்பதே ஆபத்து என்றும் ஆகியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படித்த தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். மருத்துவமனையிலிருந்து மீண்டு வந்த அந்தப் பிள்ளை 2024-இல் பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு 469 எடுத்தான். அதுதான் சாதனை. அதே ஆண்டு நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதிக் கயிறும் சாதிப் பெயரும் ஒழிய வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. உங்கள் பள்ளி அதில் எதை நடைமுறைப்படுத்தியது என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி வரட்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 2022-இல் வடக்குப்பட்டு மேட்டில் தொல்லியல் துறை தோண்டியது. கற்கருவியும் ரோமானியச் சாடி ஓடும் தங்க நகையும் கிடைத்தன. பல ஆயிரம் வருஷத்து மனுஷன் விட்டுப் போனதை மண் பத்திரமாக வைத்திருந்தது. நம்ம சேரியின் நூறு வருஷத்துக் கதையை எழுதி வைக்கத்தான் ஆளில்லை. அடுத்த வரலாற்றுப் போட்டிக்கு அதை எழுதுங்கள். எந்த வீட்டில் முதலில் யார் பத்தாவது முடித்தார், யார் ஒன்பதோடு நின்றார், ஏன் நின்றார் என்று வீடு வீடாகக் கேளுங்கள். எந்தச் சர்வே எண் பஞ்சமி நிலம், இன்று யார் கையில் என்று தாலுகா ஆபீஸில் தகவல் உரிமை மனுப் போடுங்கள். பாட்டிகள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள்.

ஆண்டு விழாவில் பழைய மாணவராகவோ பெற்றோராகவோ உட்கார்ந்திருக்கும் தோழர்களே, அடுத்த முறை அறிக்கை முடிந்ததும் கைதட்டிவிட்டு எழுந்து நில்லுங்கள். சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, நம்மவர் எத்தனை, ஆசிரியரில் எத்தனை என்று நாலே கேள்வி மரியாதையாகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் கணக்கு இன்னும் முடியவில்லை என்று பொருள்.