குளிர்நீர்ச் சட்டை: வடிக்காவிட்டால் வம்பு!

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்குப் பந்தயம் புதிதல்ல. ஊர்த் திருவிழா என்றால் மாட்டு வண்டிப் பந்தயம் உண்டு. பெரிய மாடு, சிறிய மாடு என்று பிரிவு பிரிவாக வண்டிகள் பறக்கும். சாலையின் இரு பக்கமும் கூட்டம் அலை மோதும்.

வெயில் கொளுத்தினாலும் மாட்டு வண்டிச் சாரதிக்கு ஒரு வசதி இருக்கிறது. அது திறந்த வண்டி. உடம்பில் காற்று படும்.

கார்ப் பந்தய வீரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தீப்பிடிக்காத கனத்த உடை. அதற்குள் ஓர் உள்சட்டை. கையுறை. தலைக்கவசம். பக்கத்திலேயே கொதிக்கும் என்ஜின். அவர் உட்காரும் இடத்தில் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. ஒரே பந்தயத்தில் 2 கிலோ, 3 கிலோ எடை வேர்வையாகவே போய்விடும்.

மயங்கிய வீரர்கள்

2023-ம் ஆண்டு அக்டோபர் 8-ந்தேதி கத்தார் நாட்டில் 'பார்முலா ஒன்' கார்ப் பந்தயம் நடந்தது. நடந்ததோ இரவில். அப்படியும் புழுக்கம் தாங்கவில்லை. பிரான்சு நாட்டு வீரர் எஸ்டபான் ஓகான், கார் ஓட்டும்போதே தலைக்கவசத்துக்குள் வாந்தி எடுத்தார். அமெரிக்க வீரர் லோகன் சார்ஜென்ட் உடம்பில் நீர் வற்றி, பாதியிலேயே விலகினார்.

மணிக்கு 300 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் காரில் ஓட்டுகிறவருக்குக் கண் இருட்டினால் என்ன ஆகும்?

இதன் பிறகு புதிய விதி வந்தது. பந்தய நாளில் வெப்பம் 31 டிகிரியைத் தாண்டும் என்று தெரிந்தால், 'வெப்ப ஆபத்து' என்று அறிவிக்க வேண்டும். வீரர்களுக்குக் குளிர்ச்சட்டை வசதி காரில் இருக்க வேண்டும். 2025-ம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்ப் பந்தயத்தில் இந்த அறிவிப்பு முதல் முறையாக வந்தது.

சட்டையில் ஓடும் வாய்க்கால்

அது என்ன குளிர்ச்சட்டை?

பார்வைக்குப் பனியன் மாதிரி இருக்கும். அதில் மெல்லிய குழாயை வளைத்து வளைத்துத் தைத்திருப்பார்கள். நீட்டிப் பிடித்தால் சுமார் 50 அடி வரும். காரில் ஒரு சின்னப் பெட்டி. அதில் பனிக்கட்டியும் தண்ணீரும். ஒரு குட்டிப் பம்பு, குளிர்ந்த நீரைச் சட்டைக்குள் தள்ளும். அந்த நீர் மார்பிலும் முதுகிலும் ஓடி, உடம்புச் சூட்டை வாங்கிக் கொண்டு பெட்டிக்கே திரும்பும். வயலுக்கு வாய்க்கால் போல, உடம்புக்கு இது.

1960-களில் இங்கிலாந்தில் போர் விமானிகளுக்காக இப்படிப்பட்ட உடையைச் செய்து பார்த்தார்கள். பிறகு அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு வந்தது. 1969-ல் சந்திரனில் நடந்தவர்களும் விண்வெளி உடைக்குள்ளே தண்ணீர் ஓடும் உள்ளாடை அணிந்திருந்தார்கள்.

அருமையான கருவிதான். ஆனால் அதை வாங்கி மாட்டிக் கொண்டால் மட்டும் போதாது. பந்தயம் முடிந்த பிறகு அதைக் கவனிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உள்ளே ஒரு குட்டை

பந்தயம் முடிந்ததும் சட்டையிலிருந்து குழாயைக் கழற்றுகிறார்கள். கழற்றியவுடன் குழாயின் வாய் தானாக மூடிக்கொள்ளும். தண்ணீர் கொட்டிக் காரை நனைக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆபத்தும் அதிலேதான். வாய் மூடியதால் தண்ணீர் உள்ளேயே நின்றுவிடுகிறது. தொட்டுப் பார்த்தால் சட்டை காய்ந்திருக்கும். உள்ளேயோ 50 அடி நீளத்துக்குக் குட்டை!

தேங்கிய நீர் என்ன ஆகும் என்று ஊருணி வெட்டி வாழ்ந்த புதுக்கோட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாசி பிடிக்கும். வழவழப்பாகும். நாற்றம் அடிக்கும். மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும்.

அடுத்த பந்தயத்தில் பம்பு ஓடும் சத்தம் கேட்கும். தண்ணீர் போகாது. அல்லது பாதிதான் போகும். சட்டை காப்பாற்றும் என்று வீரர் நம்பியிருப்பார். நடுவழியில்தான் ஏமாற்றம் தெரியும். பனிக்கட்டி கரைந்து தண்ணீர் சூடானாலும் இதே கதிதான். குளிர்ச்சட்டை, வெந்நீர்ச் சட்டை ஆகிவிடும்!

செய்ய வேண்டியது என்ன?

மூடிய வாயைத் திறந்து வைக்க ஒரு சிறிய துண்டுக் குழாய் உண்டு. அதை மாட்டிச் சட்டையை உயரத் தொங்கவிட்டு, தண்ணீரை வடிக்க வேண்டும். ஒரு பக்கம் மெதுவாகக் காற்றை ஊதினால், மிச்ச நீர் மறு பக்கம் வந்துவிடும். டயருக்கு அடிக்கிற வேகத்தில் காற்றடிக்கக் கூடாது. குழாய் பிய்ந்துவிடும்.

பெட்டியையும் காலி செய்து துடைக்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்து உலர்த்த வேண்டும். தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட விடக் கூடாது.

உப்புத் தண்ணீர் ஆகாது. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு குழாயிலும் படியும். பேட்டரிக்கு ஊற்றுகிறார்களே, காய்ச்சி வடித்த தண்ணீர், அதுவே நல்லது.

சட்டையை மெல்லிய சோப்புப் போட்டுக் கையால் அலசலாம். முறுக்கிப் பிழியக் கூடாது. இஸ்திரி போடவே கூடாது.

யார் வேலை?

'அது மெக்கானிக் வேலை. வீரர் ஏன் மெனக்கெட வேண்டும்?' என்று கேட்கலாம். உதவிக்கு ஆள் வைத்துக் கொள்வதில் தவறில்லை. ஆனால் சட்டைக்குள் இருப்பது யார் உயிர்? வீரருடைய உயிர் அல்லவா! அணிகிறவருக்கும் வடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். காரில் ஏறும் முன் தண்ணீர் ஓடுகிறதா என்று அவரே தொட்டுப் பார்க்க வேண்டும்.

மாட்டு வண்டிச் சாரதி இதை எப்போதோ கற்றுக் கொண்டவர். பந்தயம் முடிந்ததும் முதலில் மாட்டுக்குத் தண்ணீர். பிறகுதான் அவருக்குச் சோறு.

நாளை தொழிலாளிக்கும்

இது கார்ப் பந்தயத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. உலைக்களத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்வோருக்கென்று இப்படிப்பட்ட குளிர் உடைகள் விற்பனைக்கு வந்துவிட்டன. தமிழக அரசு 2024-ம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் அறிவித்தது. கல்குவாரியில் கல் உடைக்கும் தொழிலாளியின் உயிரும், கார் ஓட்டும் வீரரின் உயிரும் ஒன்றுதான்.

அவர்களுக்கும் குளிர்ச்சட்டை வர வேண்டும். வரும்போது சட்டையை மட்டும் கொடுத்துப் படம் பிடித்துக் கொண்டால் போதாது. வடிக்கக் கற்றுக் கொடுக்க வேண்டும். வேலை நேரத்திலேயே அதற்குக் கொஞ்ச நேரம் ஒதுக்க வேண்டும். நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் சட்டை மூலைக்குப் போய்விடும். நிழலும், குடிநீரும், ஓய்வும் எப்போதும் வேண்டும். சட்டை அவற்றுக்கு ஈடாகாது.

கற்றுக் கொடுத்தால் கற்றுக் கொள்வார்களா? 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கல்குவாரிப் பெண்களும் சைக்கிளில் பறந்தார்கள். நாடே வியந்தது. அவர்களுக்கு ஒரு குழாயை வடிப்பது பெரிய வித்தையா?

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது பழமொழி. இந்தச் சட்டையைக் கசக்கக் கூடாது. வடித்துக் கட்ட வேண்டும்!