அம்பாசிடரா, பியட்டா?

புதுக்கோட்டைப் பக்கத்தில் பழைய கார்க்காரர்கள் இருவர் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்தால் இந்த வழக்கு வந்தே தீரும். இழுவைக்கு அம்பாசிடர் என்பார் ஒருவர். பியட் பறக்கும் என்பார் மற்றவர்.

கணக்கைப் பார்ப்போம். உத்தரபாராவில் செய்த அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்தது 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். நிமிடத்துக்கு 4,200 சுற்றில் சுமார் 50 குதிரைத்திறன். பம்பாய் குர்லாவிலிருந்து வந்த பியட், பின்னாளில் பிரீமியர் பத்மினி, 1,089 சி.சி.; 4,800 சுற்றில் 40 குதிரை. அம்பாசிடர்தான் பலசாலி என்று தோன்றும். ஆனால் அதன் எடை சுமார் 1,100 கிலோ, பத்மினி 900 கிலோவைத் தொடாது. டன்னுக்கு இத்தனை குதிரை என்று வகுத்தால் இரண்டுக்கும் ஏறத்தாழ 45! ஆள் ஏறாத காரில் இருவருமே ஜெயிக்க முடியாது.

ஆள் ஏறினால்தான் வித்தியாசம். முன்சீட்டில் மூன்று பேர், பின்னால் நான்கு பேர், மடியில் பிள்ளைகள், டிக்கியில் சீர்வரிசை. இந்தப் பாரத்தோடு திருமயம் பக்கத்துச் சரளைப் பாதையில் ஏறும்போது அம்பாசிடர் குறைந்த சுற்றிலேயே இழுத்துவிடும். அதன் 15 அங்குலச் சக்கரமும் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கும் பள்ளத்தைப் பொருட்படுத்தாது. பியட்டுக்குச் சக்கரம் 14 அங்குலம். ஆக்சிலரேட்டரை மிதித்துச் சுற்றை ஏற்றினால்தான் அதே ஏற்றம் ஏறும்.

தனி ஆளாக ஓட்டிப் பாருங்கள், கதை மாறும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே பியட்டில் 2,340 மில்லிமீட்டர்தான், அம்பாசிடரில் 2,464. புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதி நெரிசலில் வளைத்துத் திருப்ப பியட்தான் சுகம். கியரும் பஞ்சு மாதிரி விழும். இரண்டிலும் கியர் ஸ்டீயரிங்குக்குக் கீழேதான். ஆனாலும் அம்பாசிடரில் கை நன்றாகப் பழக வேண்டும். அந்தக் காலத்து வண்டிகள் இரண்டிலுமே நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அதனால் பறப்பது பற்றிய பேச்சை நான் ஏற்பதில்லை.

குடும்பத்தோடு கிராமத்துக்குப் போக அம்பாசிடர். ஓட்டுவதிலேயே இன்பம் காண்பவருக்கு பியட். என் கை தேடுவது பியட்டைத்தான்.

ஒரு வருத்தம் உண்டு. பெட்ரோல் செலவுக்குப் பயந்து பல அம்பாசிடர்களில் வேறு வண்டியின் டீசல் இன்ஜினை ஏற்றிவிட்டார்கள். அந்த வண்டியை வைத்து எந்த ஒப்பீடும் செய்ய முடியாது. இன்ஜின் மாற்றினால் இன்னொரு வாய்ப்பும் போய்விடும். 2021இல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டு கடந்த வண்டியைப் பாரம்பரிய வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை. சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் வீட்டுக் கொட்டகையில் அப்படியொரு வண்டி நின்றால், இரும்பு விலைக்குப் போடாதீர்கள்; இன்ஜினையும் மாற்றாதீர்கள்.