பேரம் யாருக்காக?

காரிமங்கலம் அடங்கிய தர்மபுரித் தொகுதியில் 2024இல் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது சுமார் 21,000 ஓட்டு. டில்லியிலும் இழுபறிதான். 272 வேண்டிய சபையில் பாரதிய ஜனதாவுக்குக் கிடைத்தது 240. தெலுங்கு தேசத்தின் 16 பேரும் ஐக்கிய ஜனதா தளத்தின் 12 பேரும் தோள் கொடுக்கவே கூட்டணி சர்க்கார் அமைந்தது. ஜூலை பட்ஜெட்டில் அமராவதி தலைநகருக்கு 15,000 கோடி ரூபாய் என்று அறிவிப்பு வந்தது. ஆனால் 2025 நவம்பரில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தபோது, அந்த 28 பேர் எங்கே போனார்கள் என்று கேட்கிறோம்.

2004லும் எந்தக் கட்சிக்கும் மெஜாரிட்டி இல்லை. இடதுசாரிகள் மந்திரி பதவி ஏற்காமல் வெளியிலிருந்து ஆதரித்தார்கள். கூலி உழைப்பாளிக்கு வேலை கேட்டார்கள். 2005இல் நூறு நாள் வேலைச் சட்டம் பிறந்தது.

தோழர்களே! இழுபறிச் சபையில் ஒவ்வொரு ஸ்தானமும் தராசுப் படிக்கல். அது நம் தட்டில் விழ, ஆலையிலும் வயலிலும் சங்கமாய்த் திரள்வோம்!