விருந்துப் பொறியைத் தெருவில் நிறுத்துவதா?

கணிப்பொறிக்குள் இன்னொரு கணிப்பொறியை மென்பொருளாலேயே அமைத்துக்கொள்ளும் மெய்நிகர்ப் பொறி இன்று அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் இயல்பாகப் புழங்குகின்றது. அதற்கு வலைத்தொடர்பு கிட்டவில்லை என்று ஒருவர் முறையிட்டதும், அருகிலிருப்பவர் வாயிலிருந்து வரும் மருந்து ஒன்றே ஒன்றுதான்: “பிரிட்சில் போடு!” ஏன் போடவேண்டும், போட்டால் என்ன நேரும் என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே குளிகையை நீட்டும் போலி மருத்துவனுக்கும் இத்தகைய அறிவுரையாளர்க்கும் என்ன வேறுபாடு?

தமிழ் அச்சகங்களைப் பொறுத்தவரை இது வெறும் கருவிச் சிக்கல் அன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர், எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றம் வேறுபட்டுக் கிடந்தது. 1999-இல் தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரு குறியேற்றங்களை ஏற்றது. 2010-இல் ஒருங்குறிக்கு மாறியது. அரசு மாறிற்று, முன்னரே கோக்கப்பட்ட நூற்பக்கங்கள் தாமாக மாறிவிடுமா? அவற்றைத் திறக்கப் பழைய எழுத்துரு வேண்டும். பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் வேண்டும். அவை இயங்க விண்டோசு எக்சு.பி. போன்ற பழைய இயங்குதளமும் வேண்டும். அப் பழம்பொறியைத்தான் புதுப்பொறியின் வயிற்றுக்குள் மெய்நிகராய் வைத்துக் காத்து வருகின்றனர். ஓர் அகரமுதலியின் பக்கங்களோ, ஒரு புலவரின் வாழ்நாள் உழைப்போ அதனுள் அடங்கிக் கிடக்கலாம்.

அத்தகைய பொறியைப் பாலத்தில் ஏற்றி வெளியே நிறுத்துகின்றனர்!

எக்சு.பி.க்குரிய காப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட்டு 2014 ஏப்பிரல் 8-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. 2017 மே 12-இல் ‘வான்னாக்கிரை’ என்னும் நச்சுநிரல், கோப்புப் பகிர்வுக்குரிய 445-ஆம் துறையின் வழியாகப் பொறிக்குப் பொறி தாவியது. எவரும் எதையும் திறக்கவோ அழுத்தவோ வேண்டியிருக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, கைவிட்ட எக்சு.பி.க்கும் அந்நிறுவனம் விதிவிலக்காக வெளியிட்டது. ஆனால், அதற்கு முன்னரே படியெடுத்துப் பேழைக்குள் வைத்த மெய்நிகர்ப் பொறிக்கு அத் திருத்தத்தை யார் போய் இட்டனர்?

பாலம் என்பது என்ன? விருந்துப் பொறியை, அதனை ஓம்பும் பொறியின் வலையட்டை வழியே நேராக அலுவலக வலையில் இறக்கிவிடுவது. திசைவி அதற்குத் தனி முகவரி கொடுக்கும். அதே வலையிலுள்ள ஒவ்வொரு கணிப்பொறியும், வந்துபோவாரின் கைப்பேசியும் அதன் கதவைத் தட்டலாம். ஓம்புபொறியின் தீயரண் பொதுவாக அதற்குக் காவலாவதுமில்லை. ‘பாலம்’ என்று தமிழில் சொல்லியிருந்தால், இரு கரையிலும் ஆள் நடப்பார்களே என்ற எண்ணமாவது எழுந்திருக்கும்! பொருள் தெரியாத ஒலியாய் ‘பிரிட்சு’ என்று ஓதிக்கொண்டிருப்பதால் அந்த எண்ணத்துக்கும் வழியில்லாமற் போயிற்று.

இத்தனைக்கும், விர்ச்சுவல் பாக்சு மென்பொருள் புதுப் பொறிக்கு இயல்பாய்த் தருவது பாலத்தை அன்று. ‘நேட்’ எனப்படும் முகவரிப் பெயர்ப்பையே தருகின்றது. விருந்துப் பொறி 10.0.2.15 என்னும் உள்முகவரியோடு மறைந்திருக்கும். வெளியே செல்லும் செய்தி ஓம்புபொறியின் முகவரியைத் தாங்கிச் செல்லும். வெளியார் தாமாக உள்ளே வர இயலாது. எனினும் இதனையும் கோட்டை என்று கொண்டாடிவிடக் கூடாது. உள்ளிருந்து வெளியே போவாரை இது தடுப்பதில்லை. நச்சுநிரல் ஒன்று கோப்பின் வழியாக உள்ளே நுழைந்துவிட்டால், அங்கிருந்தே அலுவலக வலையைத் தொட அதனால் முடியும்.

துறை திறப்பதிலும் இதே மெத்தனம்! ஓம்புபொறியிலிருந்து விருந்துப் பொறியை எட்டுவதற்காகத் துறைமாற்றம் எழுதுகின்றனர். ஓம்பியின் முகவரிக் கட்டத்தை வெற்றிடமாக விட்டுவிடுகின்றனர். வெற்றிடம் என்றால் “எல்லார்க்கும் திற” என்று பொருள். அங்கே 127.0.0.1 என்று எழுதியிருந்தால், அந்த ஒரு பொறிக்கு மட்டுமே வாயில் திறந்திருக்கும். எழுதுவதற்கு எவ்வளவு நேரமாகும்?

பாலமே தீது என்பதன்று. மெய்நிகர்ப் பொறி ஒன்று அலுவலகம் முழுமைக்கும் கோப்பு வழங்கும் பொறியாக இருப்பின், பிறர் அதனை எட்டத்தான் வேண்டும். அங்கே பாலமே முறை. ஆனால் அப் பொறி திருத்தங்கள் இடப்பட்டதாய், தனக்கெனத் தீயரண் உடையதாய் இருத்தல் வேண்டும். பக்கம் கோக்கும் பழம்பொறியை எட்டவேண்டியவர் யார்? அதன் முன்னே அமர்ந்திருக்கும் ஒருவரைத் தவிர வேறெவரும் இலர்.

ஆகவே, அச்சகத்துப் பழம்பொறிக்கு வலையே வேண்டா. அமைப்புப் பக்கத்தில் ‘இணைக்கப்படாதது’ என்பதைத் தேர்ந்துவிட்டால் போதும். “பின் கோப்பை வெளியே எடுப்பது எங்ஙனம்?” என்று வினவுவர். விருந்துப் பொறிக்குரிய துணைக்கருவிகளை நிறுவினால், பகிர்வுக் கோப்புறை வலையின்றியே இயங்கும் என்பதை அறியாமையே அவ் வினாவுக்குக் கரணியம். அதிலும் வட்டு முழுவதையும் பகிர்ந்துவிடும் பேரறிவாளர் உளர்! முடிந்த பக்கங்களை வைக்க வெறுங்கோப்புறை ஒன்றை மட்டும் பகிரவேண்டும். அன்றன்று முடிந்ததை அதிலிருந்து எடுத்துவிடவேண்டும். மெய்நிகர் வட்டின் மூலப்படி ஒன்று, எந்தப் பொறியோடும் இணைக்கப்படாத வேறொரு வட்டில், பூட்டிய பேழைக்குள் இருக்கட்டும்.