சொல்லாமல் சொல்லும் நோய்

வடசென்னையின் அரசு ஸ்டான்லி மருத்துவமனையை முதியோர் இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே வழங்குவர். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்த சத்திரத்தின் வழிவந்த பெயர் அது. 1938இல் அங்கு மருத்துவக் கல்லூரி தோன்றியது. காசிமேட்டு மீனவர், இராயபுரத்தில் தெலுங்கு பேசும் குடும்பத்தினர், திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளர், எண்ணூருக்கும் மணலிக்கும் வேலை தேடி வந்த ஒடிசா, பீகார் மாநிலத்தவர் எனப் பலரும் அங்கு ஒரே வரிசையில் நிற்கின்றனர். பெரும்பாலும் அவர்களை முதலில் விசாரிப்பவர் பயிற்சி மருத்துவர். நான்கரை ஆண்டுப் படிப்பை ஆங்கிலத்தில் முடித்து, ஓராண்டுப் பயிற்சியில் இருப்பவர் அவர். நோயாளியின் உடலை அவர் கற்றிருக்கிறார். நோயாளியின் சொல்லைக் கற்றிருக்கிறாரா என்பதே கேள்வி.

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கும். தேர்வுக்குப் படித்து மறக்கப்படும் இப்பகுதி, மருத்துவமனையில் நாள்தோறும் நடமாடுகிறது. கருவுற்ற பெண்ணை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பது தமிழ் வழக்கு. மாதவிலக்குக்குப் பின் தலைமுழுகும் நாள் வரவில்லை என்பது அதன் பொருள். தெலுங்கிலோ ‘நீர் ஊற்றிக்கொண்டாள்’ என்றால்தான் கருவுற்றாள் என்று பொருள். இந்தியில் அதே செய்தி ‘கால் கனத்திருக்கிறது’ என்று வரும். சொல்லுக்குச் சொல் பொருள் கொள்பவர் காலில் வீக்கம் தேடுவார். கரு இருப்பதை அறியாமல் எக்ஸ்ரே எடுக்கவும் எழுதிக்கொடுப்பார்.

இவ்வாறு மறைத்துப் பேசுவதைப் படிப்பறிவின்மை என்று எண்ணுவோர் உளர். அது பிழை. நான்கு பேர் சூழ நிற்கும் அறையில் தன் மானத்தையும் காத்து, நோயையும் தெரிவிக்க ஒருவர் கண்டுகொண்ட வழி அது. அவ்வழியை அறியாதது கேட்பவரின் குறையே.

சிக்கல் முற்றுவது மொழியும் வேறாகும்போதுதான். எண்ணூர் ஆலை ஒன்றில் ஒப்பந்த வேலை செய்யும் வடமாநில இளைஞர் ஒருவர் விடாத இருமலோடு வருகிறார் எனக் கொள்வோம். உடன் வந்து மொழிபெயர்ப்பவர், அவரை வேலைக்கு அழைத்துவந்த மேஸ்திரி. சளியில் இரத்தம் உண்டா, குடிப்பழக்கம் உண்டா, உடலுறவு வழியாக நோய் தொற்ற வாய்ப்பிருந்ததா என்றெல்லாம் மருத்துவர் கேட்டறிய வேண்டும். காசநோய் உறுதியானால் எச்.ஐ.வி. பரிசோதனையும் வேண்டியிருக்கும். தன் நாள்கூலியைத் தீர்மானிப்பவர் வாயிலாக அந்த இளைஞர் எதற்கு ‘ஆம்’ என்பார்? எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்ற விடையே கேஸ் ஷீட்டில் ஏறுகிறது. அந்த ‘இல்லை’ நோயாளியுடையதா, மேஸ்திரியுடையதா என்பது ஏட்டில் தெரியாது. தாயின் வெள்ளைப்படுதலைப் பள்ளிக்கூடத்து மகன் மொழிபெயர்க்க நேர்வதும் இதே வகைக் கொடுமைதான்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். அப்பணியை வழிநடத்திய மருத்துவர் சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய மையம், பரிசோதனையோடு ஆற்றுப்படுத்துதலுக்கும் இடமளித்தது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமோ, உரியவரின் இசைவின்றிப் பரிசோதிப்பதையும் முடிவை வெளியிடுவதையும் தடுக்கிறது. மேஸ்திரியை நடுவில் வைத்துக்கொண்டு பெறும் இசைவு இசைவாகாது.

மங்கலமும் எளிதன்று. புற்றுநோய் எனத் தெரிந்ததும் ‘அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்’ என்று குடும்பத்தார் கைகூப்புவர். அது அன்பினால் எழுவது, எள்ளத்தக்கதன்று. ஆயினும் படகில் பங்கும், மணம் முடிக்க வேண்டிய மகளும் உள்ள மீனவர் ஒருவருக்குத் தன் காலக்கணக்கு தெரிந்தாக வேண்டும். குடும்பத்தின் சொல்லுக்கு இணங்குவதோ, அதை மீறி நோயின் பெயரை நேரே போட்டுடைப்பதோ தீர்வாகாது. ‘உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள்? யாரை உடன் வைத்துக்கொண்டு பேசலாம்?’ என்று நோயாளியையே முதலில் கேட்பதே முறை. சிலர், ‘மகனிடமே சொல்லுங்கள்’ என்பர். அதுவும் அவருடைய உரிமை.

குழூஉக்குறியைப் பேசுவோர் மருத்துவரே. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றது போல, நோயாளியின் தலைமாட்டில் நின்று அவருக்கு விளங்காத ஆங்கிலத்தில் அவர் நோயைப் பேசுகின்றனர். மேலை மருத்துவத்துக்கு அது ஒன்றே வழியன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் அம்மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார்.

2019ஆம் ஆண்டின் மருத்துவப் பாடத்திட்டம் மனப்பாங்கு, அறம், உரையாடல் ஆகியவற்றைத் தனிப் பயிற்சியாகச் சேர்த்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், எத்துணைப் பண்போடு கேட்டாலும், விடை மேஸ்திரியின் வாய்வழியே வருமாயின் பயன் என்ன? மருத்துவமனைகளுக்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் தேவை. வடசென்னையில் அதற்கு ஆள் பஞ்சமில்லை. தெலுங்கும் தமிழும் ஒருங்கே பேசுவோர், உருதுவும் இந்தியும் அறிந்த பெண்கள் அப்பகுதித் தெருக்களிலேயே உள்ளனர். கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லவும், கேட்டதை வெளியே கொண்டுசெல்லாதிருக்கவும் பழக்கி, ஊதியம் தந்து அவர்களை அமர்த்தலாம். அதுவரையில், உடன் வந்தவரை மருந்து வாங்கும் வரிசைக்கு அனுப்பிவிட்டு, அரைகுறை இந்தியிலேனும் நோயாளியிடம் நேரே பேசும் பயிற்சி மருத்துவர், மேஸ்திரியின் சரளமான மொழிபெயர்ப்பைவிட நம்பத்தக்க விடையைப் பெறுவார்.