வாட் எண்ணைப் பார்த்து வாங்காதீர்!

2014 டிசம்பரில் கிளந்தானைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது மின்சாரம் தடைபட்டு, கைப்பேசிக் கோபுரங்கள் பல செயலிழந்தன. அத்தகைய வேளையில், கோபுரம் தேவைப்படாத கைவானொலி உதவும். ஆனால், 5 வாட்டா, 8 வாட்டா என்று பார்த்து அதை வாங்குவது வீண் என்பேன்.

ஏன் தெரியுமா, மாணவர்களே? 144 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் நேர்கோட்டில்தான் செல்லும். சமதரையில் நிற்பவருக்கு அடிவானம் 4, 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். தஞ்சோங் மாலிமில் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் வேறு மறைக்கிறது. கூடுதலான 3 வாட் மலையைத் துளைக்காது. பேட்டரியைத்தான் விரைவில் தீர்க்கும். வெள்ள நாளில் அதற்கு மின்னூட்ட மின்சாரம் ஏது?

அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். அதற்கேற்ற கால் அலை ஏரியல் அரை மீட்டர் இருக்க வேண்டும். கருவியுடன் வரும் குட்டை ஏரியலை மாற்றி, மேட்டில் நின்று பேசினால் பலன் அதிகம். ஆகவே, மாற்றக்கூடிய ஏரியல், கழற்றக்கூடிய பேட்டரி, நீர் புகாத உறை ஆகியவற்றையே முதலில் பாருங்கள்.

இன்னொன்று: மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தேர்வில் தேறி உரிமம் பெற்ற பிறகே இந்த அலைவரிசையில் பேசலாம். ஏரியலும் அலைநீளமும் அந்தத் தேர்வின் பாடங்களே. முதலில் தேர்வுக்குப் படியுங்கள். வானொலியைப் பிறகு வாங்கலாம்.